வேற்றுலக உயிர்த் தேடலும் பாறைகளும்: கேள்வி பதில்

செவ்வாயில் ரோவர்கள் ஏன் பழைய ஏரிப் படுகைகளையே தேடிப் போகின்றன?

ஆறு ஏரியில் சேரும் இடத்தில் ஓட்டம் தளர்ந்து நுண்ணிய வண்டல் படியும். அதிலுள்ள ஸ்மெக்டைட் போன்ற களிமண் கனிமங்கள், உயிருக்கு அடிப்படையான கார்பன் சேர்ந்த கரிம மூலக்கூறுகளைத் தம் அடுக்குகளுக்குள் பிடித்துவைக்கும். 2021-ல் பெர்செவரன்ஸ் ரோவர் இறங்கிய ஜெசரோ பள்ளத்தில் அப்படியொரு கழிமுகம் இருக்கிறது.

1976-ல் வைக்கிங் கலங்கள் மண்ணைச் சோதித்தும் கரிமப் பொருள் கிடைக்கவில்லையே ஐயா?

சோதித்த முறையைப் பாருங்கள். மண்ணை 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, வெளிவந்த ஆவியை ஆராய்ந்தார்கள். செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பு இருப்பது 2008-ல் ஃபீனிக்ஸ் கலம் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அந்த உப்பு சூடேறினால் ஆக்சிஜனை விடும். பக்கத்திலிருக்கும் கரிமப் பொருள் கருவியை எட்டுமுன்பே எரிந்துபோகும். வைக்கிங்கில் குளோரோமீத்தேன் என்ற குளோரின் சேர்ந்த கரிமச் சேர்மம் கொஞ்சம் பதிவாகத்தான் செய்தது. பூமியிலிருந்து ஒட்டிவந்த அசுத்தம் என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். ஆகவே அந்தச் சோதனையை வைத்து ‘செவ்வாயில் கரிமப் பொருளே இல்லை’ என்று முடிவுகட்டுவது தவறு.

அப்படியானால் எவ்வளவு ஆழம் தோண்டணும்?

குறைந்தது 2 மீட்டர் போனால் நல்லது. அங்கே அடர்ந்த காற்றும் இல்லை, கோளம் தழுவிய காந்தப்புலமும் இல்லை. அண்டக் கதிர்கள் மேல் மண்ணைத் துளைத்து கரிம மூலக்கூறுகளைச் சிதைத்துவிடும். பெர்செவரன்ஸ் துளைப்பது சில சென்டிமீட்டர்தான். ரோசலின்ட் ஃபிராங்க்ளின் ரோவரை 2 மீட்டர் துளைக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஆழம் போக முடியாதபோது, காற்று அரித்து அண்மையில் வெளிப்பட்ட பாறை முகப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது கதிர்வீச்சில் கிடந்த காலம் குறைவு.

வியாழனின் நிலாக்களான யூரோப்பா, கனிமீட் இரண்டிலும் பனிக்கு அடியில் கடல் உண்டென்கிறார்கள். உயிரைத் தேட எது மேல்?

என் தேர்வு யூரோப்பா. கடல் இருந்தால் மட்டும் போதாது, நீர் பாறையைத் தொட வேண்டும். பாறையிலுள்ள ஆலிவின் கனிமம் நீரோடு வினைபுரிந்து செர்பென்டைன் என்ற வேறு கனிமமாக மாறும்போது ஹைட்ரஜன் வெளியாகும். சூரிய ஒளி எட்டாத இடத்தில் நுண்ணுயிர்களுக்கு அதுவே ஆற்றல். கனிமீடிலோ, அழுத்தத்தால் உருவான பனி அடுக்கு கடலடிப் பாறையை மூடியிருக்க வாய்ப்பு அதிகம்.

சனியின் நிலா என்செலடஸ் பீச்சும் நீரில் ஹைட்ரஜன் கிடைத்ததே, அது உயிருக்குச் சான்றா?

இல்லை. காசினி கலம் கண்டதாக 2017-ல் அறிவிக்கப்பட்ட அந்த ஹைட்ரஜன், சாப்பாடு தயார் என்றுதான் சொல்கிறது. சாப்பிட ஆள் இருந்தால் அது இவ்வளவு மிஞ்சுமா என்று எதிர்வாதமும் உண்டு; அதையும் தள்ளிவிட முடியாது.