பேனா சத்தம் மட்டும் கேட்கும் அறை

அன்புள்ள அக்கா,

வணக்கம். அப்பா இறந்து நான்கு மாதமாகிறது. அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை அப்படியே கிடக்கிறேன். மனைவி வற்புறுத்தியதால் ஒரு கவுன்சிலரிடம் போக ஆரம்பித்தேன். இணையத்தில் அவர் படத்துக்குக் கீழே ‘பெர்சன் சென்டர்டு, சிபிடி, இன்டக்ரேட்டிவ்’ என்று போட்டிருந்தது. ஒன்றும் புரியவில்லை. முகம் சாந்தமாக இருந்தது, சரி இவரிடமே போகலாம் என்று முடிவு செய்தேன்.

இரண்டு செஷன் ஆகிவிட்டது. நான் பேசுகிறேன், அவர் கேட்கிறார். “அப்போ உங்களுக்கு எப்படி இருந்தது?” என்பார். நான் நிறுத்தினால் அவரும் பேசுவதில்லை. அவர் குறிப்பெழுதும் பேனா சத்தம் மட்டும் கேட்கிறது. என்ன எழுதுகிறார் என்று என் மனம் அந்தக் காகிதத்துக்கே போய்விடுகிறது. என்ன முறையில் செய்கிறீர்கள், எத்தனை நாள் ஆகும் என்று கேட்க ஆசை. ஆனால் டாக்டரிடம் போய் எப்படி ஆபரேஷன் செய்வீர்கள் என்று கேட்பதுபோல மரியாதைக்குறைவாகிவிடுமோ என்று தயக்கம். வேறொருவரிடம் போகலாம் என்றால், அப்பாவைப் பற்றி மறுபடி முதலிலிருந்து சொல்லத் தெம்பில்லை. நீங்கள் கவுன்சிலிங் போன அனுபவத்தை முன்பு எழுதியிருந்ததால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

அப்பாவை இழந்து நான்கு மாதம்தான் ஆகிறது. இன்னும் ஆறவில்லையே என்று உங்களை நீங்களே குறைசொல்லிக்கொள்ளாதீர்கள்.

தாராளமாகக் கேளுங்கள். அதில் மரியாதைக்குறைவு எதுவும் இல்லை. ஆபரேஷனில் நீங்கள் மயக்கத்தில் கிடப்பீர்கள், மொத்த வேலையும் டாக்டருடையது. கவுன்சிலிங்கில் பாதி வேலை உங்களுடையது. என்ன வேலை என்றே தெரியாமல் எப்படிச் செய்வீர்கள்? முறையாகப் பயிற்சி பெற்ற ஒருவர் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால், அவரைப் பற்றித் தெரியவேண்டியது தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படத்துக்குக் கீழே இருந்த சொற்களுக்கு வருகிறேன். ‘பெர்சன் சென்டர்டு’ என்பது கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரின் வழி. வந்தவரின் இடத்திலிருந்து உணர்வது, நிபந்தனையில்லாமல் ஏற்றுக்கொள்வது, தான் முகமூடி போடாமல் இருப்பது, இவை மூன்றும் ஆலோசகரிடம் இருந்து, அது வந்தவருக்கும் எட்டினால் அவரே தன் வழியைக் கண்டுபிடிப்பார் என்று ரோஜர்ஸ் நம்பினார். 1957-இல் இதை ஒரு கட்டுரையாக எழுதினார். 1965-இல் வெளிவந்த ஒரு பயிற்சிப் படத்தில், விவாகரத்தான ஒரு பெண் அவர்முன் அமர்ந்து, தன் மகளிடம் ஓர் உண்மையைச் சொல்லலாமா கூடாதா என்று திரும்பத் திரும்பக் கேட்பார். ரோஜர்ஸ் கடைசிவரை பதில் சொல்ல மாட்டார். ஆனால் அந்தப் பெண்ணுக்கு உள்ளே பதில் ஏற்கெனவே இருப்பதும், அதைச் சொல்ல அவர் பயப்படுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். உங்கள் ஆலோசகர் பேசாமல் இருப்பது அநேகமாக இந்த வழியில் வந்த பழக்கமாக இருக்கலாம். அக்கறை இல்லாததால்தான் பேசவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிபிடி, அதாவது ‘காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி’ என்ற எண்ண-நடத்தைச் சிகிச்சை, வேறு மாதிரி. இதன் மூலவரான ஆரன் பெக், ஃபிராய்டு வழி உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்ற மருத்துவர். தன்னிடம் வருகிறவர்கள் வெளியே ஒன்றைப் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே வேறொரு எண்ணம் மின்னல்போல ஓடுவதை அவர் கவனித்தார். அலுவலகத்தில் ஒருவருக்கு வணக்கம் சொல்கிறீர்கள், அவர் பார்க்காமல் போகிறார். ‘என்னை இவருக்குப் பிடிக்கவில்லை’ என்ற எண்ணம் ஒரு நொடிக்குள் வந்து போய்விடுகிறது, நாள் முழுக்க மனசு கனக்கிறது. அந்த ஒரு நொடியைப் பிடித்துக் காகிதத்தில் எழுதி, இதற்கு ஆதாரம் என்ன, வேறு காரணம் இருக்கலாமா என்று இருவரும் சேர்ந்து பார்ப்பதுதான் பெக் 1960-களில் உருவாக்கிய முறையின் மையம். இதில் ஆலோசகர் நிறையப் பேசுவார், வீட்டுப்பாடம்கூடத் தருவார். ‘இன்டக்ரேட்டிவ்’ என்றால் பல முறைகளைக் கலந்து செய்கிறார் என்று அர்த்தம். எதை எப்போது, ஏன் எடுக்கிறார் என்று அவர்தான் சொல்லவேண்டும்.

இனி உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட விஷயம். நீங்கள் தூக்கம் வேண்டும் என்று போயிருக்கிறீர்கள். அவர், அப்பாவை இழந்த ஒருவர் வந்திருக்கிறார் என்று உட்கார்ந்திருக்கிறார். இரண்டும் ஒன்றா, வேறா என்று இருவருமே வாய்விட்டுப் பேசியதாகத் தெரியவில்லை. எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-இல் எழுதியதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எந்த முறையானாலும் ஆலோசகரும் வந்தவரும் மூன்று விஷயங்களில் சேர்ந்திருக்க வேண்டும் என்றார் அவர். எதற்காகச் சந்திக்கிறோம், அதற்கு இங்கே என்ன செய்கிறோம், அப்புறம் இருவருக்கும் இடையில் நம்பிக்கை. இந்த ஒத்துப்போதல் நன்றாக இருக்கும் இடத்தில் பலனும் நன்றாக இருப்பதைப் பிறகு வந்த ஏராளமான ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்களுக்கு முதல் விஷயத்திலேயே முடிச்சு விழுந்திருக்கிறது.

அதற்காக முறை எதுவானாலும் சரி என்று சொல்லிவிட மாட்டேன். நீண்டநாள் தூக்கமின்மைக்கென்றே சிபிடியில் ஒரு தனி வடிவம் உண்டு. படுக்கையில் விழித்துக் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது, தினமும் ஒரே நேரத்தில் எழுவது என்று ஆரம்பத்தில் கடுமையாகவே இருக்கும். ஆனால் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் சங்கம் 2016-இல் மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் முதலில் பரிந்துரைத்தது. உங்கள் ஆலோசகருக்கு இதில் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதற்கு மட்டும் வேறொருவரை அவரே சொல்லக்கூடும். அப்பாவைப் பற்றிப் பேசுவதை இவரிடமே தொடரலாம், ஆக மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டிய அவசியம் வராது. தூக்கத்துக்கு உடல் காரணம் ஏதும் உண்டா என்று ஒரு மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். உயிரோடு இருப்பதே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் அடுத்த செஷன்வரை காத்திருக்காதீர்கள், உடனே வீட்டில் சொல்லி மனநல மருத்துவரைப் பாருங்கள்.

என் அனுபவம் கேட்டீர்கள். நான் முதலில் போனவரிடம் ஐந்து மாதம் போனேன். ஒவ்வொரு வாரமும் “இந்த வாரம் பரவாயில்லை” என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். உண்மையில் எதுவுமே சரியாக இல்லை. அவர் பாதி நேரம் தன் குடும்பத்துக் கதையைச் சொல்லி, “நானே தாண்டி வரலையா?” என்பார். அவர் மனம் நோகக்கூடாது என்று நான் தலையாட்டுவேன். அந்த ஐந்து மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வலிக்கிறது.

இரண்டாவதாகப் போனவர் என்னைப் பேசவிடுவதற்கு முன்னால் கால்மணி நேரம் தான் எப்படி வேலை செய்வேன் என்று சொன்னார். நோட்டைத் திருப்பி என் பக்கம் காட்டினார். தேதி, நான் சொன்ன இரண்டு சொற்கள், ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான். அதை யார் பார்ப்பார்கள், எங்கே பூட்டி வைப்பார் என்று சொன்னார். இங்கே பேசுவது வெளியே போகாது, ஆனால் என் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், ஒரு குழந்தைக்குத் தீங்கு நடக்கிறது என்றால், நீதிமன்றம் கேட்டால் சொல்லவேண்டி வரும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எட்டு வாரம் கழித்து, பலன் இருக்கிறதா என்று இருவரும் உட்கார்ந்து பார்ப்போம் என்றார்.

நான்காவது வாரம் அவர் சொன்ன ஒரு வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. இரண்டு நாள் புழுங்கிவிட்டு, அடுத்த முறை போய்க் குரல் நடுங்கச் சொன்னேன். அவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். “எந்த இடத்துல குத்துச்சு, சொல்லுங்க” என்றார். தன் பக்க நியாயம் எதையும் சொல்லவில்லை. நான் சொல்லி முடித்ததும், “அது என் தப்பு. அவசரப்பட்டுட்டேன்” என்றார். ஒரு பெரியவர் என்னிடம் அப்படிச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வேலை அன்றுதான் உண்மையில் தொடங்கியது.

எல்லாத் தவறையும் இப்படிப் பேசித் தீர்க்கமுடியாது. தொட்டுப் பேசி நெருங்குபவர், உங்களோடு தொழிலோ கடனோ வைத்துக்கொள்ளப் பார்ப்பவர், இத்தனை நாளில் குணமாக்கிவிடுவேன் என்று சத்தியம் செய்பவர், இவர்களிடம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காமல் வந்துவிடுங்கள். உங்களுடையவர் அப்படிப்பட்டவராகத் தெரியவில்லை. அவரை நீங்கள் இன்னும் சந்திக்கவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவருக்கும் உங்களை இரண்டு மணி நேரம்தான் தெரியும்.

மூன்றாவது செஷனுக்குப் போங்கள். என்ன கேட்பது, எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்க்கவேண்டாம். எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தையே எடுத்துப்போய் அவர் முன்னால் வாசியுங்கள். நாக்கு எழவில்லை என்றால் கையில் கொடுத்துவிடுங்கள். அந்தப் பேனா வரியை மட்டும் அடித்துவிடாதீர்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா