கருவி வரைந்த பூவேலை யாருக்குச் சொந்தம்?

கேள்வி: செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் கட்டளைகளைப் பல நாள் மாற்றி மாற்றி எழுதி, ஒரு பூவேலைத் துணி அச்சையும் அதற்கேற்ற நீள் அங்கியின் வடிவத்தையும் உருவாக்கினேன். வெளிவரும் படங்கள் பயனருக்கே சொந்தம் என்று செயலியின் ஒப்பந்தம் சொல்கிறது. படத்தை இணையத்தில் வெளியிட்ட சில வாரங்களில் வேறொருவர் அதே அச்சில் ஆடை விற்கிறார். அவரைத் தடுக்க முடியுமா?

பதில்: உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் நீங்கள் நம்பியிருக்கும் ஒப்பந்தம் இந்த வழக்கில் கைகொடுக்காது. படத்தின் மீது செயலி நிறுவனம் உரிமை கோராது என்பதே அந்த வரியின் பொருள். மூன்றாம் நபரைத் தடுக்கும் பதிப்புரிமையை ஒரு நிறுவனம் உண்டாக்கித் தர இயலாது, அதைச் சட்டம்தான் தர வேண்டும்.

அந்தச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் கணினி ஆய்வாளர் ஸ்டீஃபன் தேலர், தன் செயற்கை நுண்ணறிவுக் கருவி உருவாக்கிய படத்துக்குப் பதிப்புரிமை கேட்டுத் தொடுத்த வழக்கில், படைப்பாளர் மனிதராகவே இருக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச் மாதத்தில் உறுதி செய்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, இன்றைய தொழில்நுட்பத்தில் கட்டளை எழுதுவது மட்டுமே ஒருவரைப் படைப்பாளராக்காது என்றது. பெய்ஜிங் இணைய நீதிமன்றமோ 2023 நவம்பரில், கட்டளைகளையும் கருவியின் அமைப்புகளையும் திரும்பத் திரும்பத் திருத்திப் படம் உருவாக்கியவருக்கே உரிமை உண்டு எனத் தீர்ப்பளித்தது. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டம் கணினி உருவாக்கிய படைப்பின் ஆசிரியராக, அதற்கான ஏற்பாடுகளைச் செய்தவரைக் கொள்கிறது. எனினும் அப்பிரிவை நீக்கலாமா என்று அரசே கருத்துக் கேட்டிருக்கிறது.

ஆடையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அச்சு வேறு, வெட்டு வேறு. துணியின் மேல் உள்ள அலங்காரத்தை உடையிலிருந்து பிரித்துக் காண முடிந்தால் அதற்குப் பதிப்புரிமை கிடைக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017இல் கூறியது. அங்கியின் வெட்டும் அமைப்பும் பயன்பாட்டுப் பொருளாகக் கருதப்படுவதால் அங்கே அந்தப் பாதுகாப்பைப் பெறுவதில்லை. எனவே உங்கள் பலம் அச்சில்தான் இருக்கிறது, அதிலும் உங்கள் கை பட்ட பகுதியில். பூக்களை நீங்களே தேர்ந்து அடுக்கியிருந்தால், கோடுகளைத் திருத்தி வரைந்திருந்தால், அந்தத் தேர்வும் திருத்தமும் உங்களுடையவை. முதல் பென்சில் வரைவு, கட்டளைகள், ஒவ்வொரு திருத்தம் ஆகியவற்றைத் தேதியோடு பாதுகாத்து வையுங்கள். அமெரிக்காவில் பதிவு செய்தால், கருவி உருவாக்கிய பகுதியை விண்ணப்பத்தில் மறைக்கக் கூடாது.

பொருளின் தோற்றத்தை அரசுப் பதிவேட்டில் ஏற்றிக் காக்கும் வடிவமைப்புப் பதிவு மற்றொரு வழி. இங்கேதான் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அஞ்சுகிறேன். பல நாடுகளில் விண்ணப்பத்துக்கு முன் வெளியிட்ட வடிவம் புதுமையை இழக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வெளியிட்டவருக்குப் பன்னிரண்டு மாத அவகாசம் உண்டு. பதிவு செய்த வடிவத்துக்கு அதிகபட்சம் 25 ஆண்டும், பதிவில்லாததற்கு மூன்று ஆண்டும் பாதுகாப்பு உண்டு. அங்கே விற்க எண்ணினால் அந்தக் காலக்கெடு முடியுமுன் விண்ணப்பியுங்கள்.

அதற்கு முன், கருவி தந்த பூவேலை ஏற்கெனவே பதிவான வடிவம் எதையாவது ஒத்திருக்கிறதா என்று பதிவேடுகளில் தேடிப் பாருங்கள். பதிவு பெற்ற வடிவத்தைப் பார்க்காமலேயே அதைப் போலச் செய்திருந்தாலும் அது உரிமை மீறலாகலாம். அந்த வடிவத்தின் உரிமையாளர் உங்கள் மீதே வழக்குத் தொடுப்பதற்கு அந்த ஒற்றுமை வழிவகுக்கலாம்.