ஹமுராபியை விடுங்கள், வீட்டு உறுதியை எடுங்கள்

கேள்வி: உலகச் சட்ட வரலாற்றை மூல ஆவணங்களை வைத்தே படிக்க ஆசை. நான் சட்டம் படித்தவன் இல்லை. ஹமுராபியிலிருந்து தொடங்கலாமா?

பாபிலோன் அரசன் ஹமுராபி கல்லில் பொறித்த சட்டத்தின் மொழிபெயர்ப்பை இறக்கி, இருபதாவது விதியில் களைத்துப்போய்த்தான் இங்கே வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்தக் கல்லில் இருப்பவை ஏறக்குறைய 282 விதிகள். அதே காலத்து வழக்குகளும் ஒப்பந்தங்களும் ஆயிரக்கணக்கில் களிமண் பலகைகளில் கிடைத்திருக்கின்றன, ஆனால் அவற்றில் அந்தக் கல்லை ஆதாரமாகக் காட்டுவதே அபூர்வம். எழுதி வைத்தது ஒன்று, சனம் நடந்தது இன்னொன்று என்பது எனக்குப் புத்தகத்தில் விளங்கவில்லை, அம்மாவின் காணியில்தான் விளங்கியது.

2012-இல் அம்மா தன் சீதனக் காணியில் இரண்டு பரப்பை (பரப்பு எங்கள் ஊர் நில அளவு) விற்க யாழ்ப்பாணத்தில் காணி உறுதி, அதாவது பத்திரம், எழுதும் ஒரு நொத்தாரிசிடம் போனார். "காணி உங்கடைதான் அக்கா, ஆனால் அண்ணையின் கையெழுத்து வேணும்" என்றார் அவர். அண்ணை என்றது அப்பாவை. அப்பா 1991-இல் பாரிசுக்குப் போனவர். ஐந்தாறு வருசம் கடிதம் வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. பாட்டி கொடுத்த காணியை விற்க, இருக்குமிடம் தெரியாத மனிதரின் சம்மதம்! "இது எங்கட தேசவழமை, அந்தக் காலம் தொட்டு இருக்கிறது" என்று பெரிய மாமா வேறு பெருமையாகச் சொன்னார். அந்த எரிச்சலில்தான் மூலத்தைத் தேடிப் படித்தேன்.

தேசவழமை என்பது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம். அது எழுத்தில் வந்தது 1707-இல். எழுதியவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்து (டச்சு) அதிகாரி, எழுதச் சொன்னவர் ஆளுநர் சைமன்ஸ். தமிழில் பெயர்த்து, உள்ளூர்த் தலைவர்களான பன்னிரண்டு முதலியார்களிடம் சரிபார்க்கக் கொடுத்தார்கள். பன்னிரண்டு பேரும் ஆண்கள். அடிமைகள் பற்றியும் அதில் ஒரு பகுதி இருக்கிறது, மாமா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. 1806-இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். சரி, அம்மாவை மறித்த விதியை நொத்தாரிஸ் எதில் காட்டினார்? 1911-இன் யாழ்ப்பாணத் திருமண உரிமை, வழியுரிமைக் கட்டளைச்சட்டத்தில். மனைவி தன் அசையாச் சொத்தை உயிரோடிருக்கும்போது கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், மரணசாசனம் எழுதுவதற்கு மட்டும் வேண்டாம். கணவன் கைவிட்டுப் போயிருந்தால் மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி வாங்கலாம்.

இனித்தான் நீங்கள் கேட்ட 'உலக' வரலாறு வருகிறது. நெப்போலியனின் 1804 சிவில் சட்டத்தை எடுங்கள். 217-ஆம் பிரிவில் மனைவி சொத்தை விற்கக் கணவனின் சம்மதம் கேட்கிறது, 219-இல் கணவன் மறுத்தால் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்கிறது. அம்மாவின் கதைதான், மொழி மட்டும் வேறு! ரோம-ஒல்லாந்துச் சட்டம் ஓடிய தென்னாப்பிரிக்காவிலும் கணவனின் இந்த அதிகாரம் இருந்தது, 1984-இல்தான் அதை ஒழிக்கத் தொடங்கினார்கள். பிரான்சில் 1938-இலும் 1965-இலும் படிப்படியாகக் கழற்றிவிட்டார்கள். ஆக, அப்பா போய்ச் சேர்ந்த ஊரில் செத்துப்போன விதி, அவர் விட்டுப் போன ஊரில் அவர் பெயரில் உயிரோடு இருந்தது.

யாழ்ப்பாணம் பாரிசைப் பார்த்து எழுதியது என்று நான் சொல்லவில்லை, சட்டத்தரணிகள் யாரும் அடிக்க வராதீர்கள். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். தேசவழமையே கூடாது என்றும் சொல்லவில்லை, தாய்வழிச் சொத்து மகளுக்குப் போகிற ஏற்பாடு எத்தனையோ சட்டங்களைவிட நல்லது. ஒரே விதியை மூன்று ஊர் ஆவணங்களில் பக்கத்தில் வைத்துப் படித்தால், யார் எழுதினார்கள், யாரைக் கேட்காமல் எழுதினார்கள் என்பது தானாகத் தெரிகிறது. முழுச் சட்டத்தையும் படிக்க உட்காராதீர்கள். உங்கள் வீட்டில் யாருக்கோ வலித்த ஒரு விதியை மட்டும் எடுத்து, அது எந்த ஆண்டுத் தாளில் முதலில் வருகிறது என்று பின்னோக்கிப் போங்கள். தீர்ப்புகளையும் பழைய உறுதிகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்ற அனுமதி கிடைக்கப் பதினான்கு மாதம் ஆனது. அப்புறமும் முடியவில்லை. மூன்று உறுதிகளில் அம்மாவின் பெயரை மூன்று விதமாக எழுதி வைத்திருந்தார்கள், எழுதியது அந்த நொத்தாரிசின் கந்தோர்தான். மூவரும் ஒரே ஆள் என்று அம்மாவே சத்தியக்கடதாசி (அபிடவிட்) முடித்துக் கொடுக்க வேண்டி வந்தது. அதற்கும் அவரே காசு வாங்கினார்.