3.0 லிட்டர் படகில் 5.7 வி8: பழைய ஆல்பா ஒன் டிரைவ் தாங்குமா?

ஆல்பா ஒன்-ங்கிறது மெர்க்ரூசரோட டிரைவ், அதாவது இன்ஜின் சக்தியைப் படகின் பின்னாடி இருக்கிற ப்ரொபெல்லருக்குக் கொண்டு போற பல்சக்கரப் பெட்டி. அது 260 குதிரைத்திறன் வரை தாங்கும். ஆனா, 3.0 லிட்டர் இன்ஜினோட வந்த 1988 படகில் இப்போ இருக்கிற டிரைவை அப்படியே வி8-க்கு மாட்டாதீங்க. சிக்கல் பல்சக்கர விகிதத்தில்தான், அதாவது ப்ரொபெல்லர் ஒரு சுற்று சுத்த இன்ஜின் எத்தனை சுற்று சுத்தணும்ங்கிறதில். 3.0 லிட்டருக்கு வந்தது 1.98, வி8-க்கு வேண்டியது 1.50. மாத்தாம ஓட்டினா இன்ஜின் 4,800 ஆர்பிஎம் வரம்பைச் சுலபமா தாண்டிடும். அதை அடக்கப் பெரிய பிட்ச் (ஒரு சுற்றில் அதிக தூரம் தள்ளுற) ப்ரொபெல்லர் போடுவீங்க. அப்போ ப்ரொபெல்லர் ஷாஃப்டுக்குப் போற முறுக்குவிசை 1.50-ஐ விட மூணில் ஒரு பங்கு கூடும். கீழ்ப் பல்சக்கரம்தான் முதல்ல உடையும்.

விகிதத்துக்கு டிரைவில் இருக்கிற ஸ்டிக்கரை நம்பாதீங்க, இடையில யாராவது மாத்தியிருக்கலாம். டிரைவைக் கழட்டி, முன்கியரில் போட்டு, மேல் ஷாஃப்டை இன்ஜின் சுத்துற திசையிலேயே கையால 20 சுற்று சுத்துங்க. எதிர்த்திசையில டக்டக்னு நழுவும், கணக்கு தப்பிடும். ப்ரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுத்துதுன்னு எண்ணுங்க:

10 சுற்று: 1.98
11-க்குக் கொஞ்சம் குறைவு: 1.84, அதாவது வி6
13-க்கு மேல: 1.50

விகிதம் மாறுறது டிரைவோட மேல்பாதியில்தான். அதனால வி8 படகிலிருந்து வந்த முதல் தலைமுறை ஆல்பா ஒன் மேல்பாதி கிடைச்சாலே போதும்.

300 குதிரைத்திறனைத் தொடுற வி8-ன்னா ஆல்பாவை மறந்துட்டு, மெர்க்ரூசரோட இன்னும் வலுவான டிரைவான பிராவோ பாருங்க. கார் இன்ஜினா இருந்தா ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், கார்புரேட்டர் மூணும் மரைன் வகைக்கு மாறணும். பெட்ரோல் ஆவி தேங்கும் இன்ஜின் அறையில தீப்பிடிக்க ஒரு பொறி போதும்.