திரும்பி வந்த டிஸ்க்குகள்: கேம் கடைக்காரர் பதில்கள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் பழைய வீடியோ கேம் டிஸ்க்குகளை வாங்கி விற்கும் நம் கடைக்காரர் இந்த மாதமும் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஏமாற்றிய விளையாட்டுகளைப் பற்றியவை.

அண்ணே, எல்லா விமர்சனத்திலும் 10க்கு 7 என்று போட்டிருந்தார்களே என்று ஒரு கேம் வாங்கினேன். இரண்டு இரவுகூடத் தாங்கவில்லை. 7 நல்ல மதிப்பெண்தானே? (பட்டர்வொர்த் வாசகர்)

பள்ளிக்கூடத்தில் நல்ல மதிப்பெண்தான் தம்பி. கேம் விமர்சனத்தில் அப்படியில்லை. இங்கே 1 முதல் 5 வரையுள்ள எண்கள் சும்மா கிடக்கின்றன. கூட்டமெல்லாம் 6க்கும் 9க்கும் நடுவில்தான். விமர்சனங்களைத் திரட்டிச் சராசரி போடும் மெட்டாக்ரிட்டிக் தளத்தைப் பாருங்கள். அங்கே ஒரு சினிமா நூற்றுக்கு 61 வாங்கினாலே ‘நல்லது’ என்ற பச்சை நிறம் கிடைத்துவிடும். வீடியோ கேம் பச்சையாக வேண்டுமென்றால் 75 வாங்க வேண்டும். உங்கள் 7 அங்கே வெறும் மஞ்சள்.

இந்த எண்ணுக்குப் பின்னால் காசும் உண்டு. 2010இல் ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ செய்த ஒப்சிடியன் நிறுவனத்துக்கு, சராசரி 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம் இருந்தது. வந்தது 84. போனஸ் போச்சு. அந்த கேமைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள் இன்றைக்கும் என் கடைக்கு வருகிறார்கள். அந்த ஒரு மதிப்பெண்ணில் என்ன இருந்தது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

நான் எண்ணைப் பார்ப்பதே இல்லை. ‘இந்த வகை விளையாட்டு பிடித்தவர்களுக்குப் பிடிக்கும்’ என்ற வரி இருக்கிறதா என்று தேடுவேன். எழுதியவருக்கு கேம் பிடிக்கவில்லை, சொல்லத்தான் கூச்சம் என்று அதற்கு அர்த்தம். இன்னொரு அளவுகோல் என் மேசை. படுமோசமான கேம் வாங்கிய மறுநாளே விற்க வந்துவிடும், கூடவே திட்டும் வரும். நல்ல கேம் மாதக்கணக்கில் வராது. சுமாரான கேம் அடுத்த வார இறுதியில், ஒரே நேரத்தில் நாலைந்து பேரிடமிருந்து வரும். கொண்டுவருகிறவர்களுக்குக் கோபம்கூட இருக்காது. “வேறு ஏதாவது இருக்கா அண்ணே?” என்பதோடு சரி. எனக்கென்னவோ அந்த மூன்றாவது வகைதான் மிக மோசமான தீர்ப்பாகத் தெரிகிறது.

எங்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் செய்த ‘ஸ்கல் அண்ட் போன்ஸ்’ கடற்கொள்ளை கேம் ஏன் அப்படி அடி வாங்கியது? எனக்கு அது அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. (ஜொகூர் பாரு வாசகர்)

மோசமில்லை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். சிக்கலே அதுதான். யூபிசாஃப்ட் கேம் நிறுவனத்தின் சிங்கப்பூர் கிளை இதை 2017இல் உலகத்துக்குக் காட்டியது. 2018இல் வரும் என்றார்கள். அப்புறம் தள்ளிவைத்தார்கள், மறுபடி தள்ளிவைத்தார்கள், கடைசியில் 2024 பிப்ரவரியில் வந்து சேர்ந்தது. முழு விலை, 70 அமெரிக்க டாலர். ‘இவ்வளவு விலையா?’ என்ற கேள்விக்கு அந்த நிறுவனத்தின் தலைவர் ஈவ் கில்மோ, இது மூன்று ‘ஏ’ தரம் (பெரிய செலவில் செய்யும் கேம்களுக்குத் துறையில் வைத்த பெயர்) அல்ல, நான்கு ‘ஏ’ தரம் என்று பதில் சொன்னார். அந்த வாய் வார்த்தை இல்லாமல் இருந்திருந்தால் அடி பாதியாகக் குறைந்திருக்கும்.

இதன் வேர் அதே நிறுவனத்திடமிருந்து 2013இல் வந்த ‘பிளாக் ஃபிளாக்’ கேம். அதில் எதிரிக் கப்பலைச் சுட்டு முடமாக்கிவிட்டு, கயிற்றில் தாவி மேல்தளத்தில் குதித்து வாள் வீசலாம். பதினொரு வருடம் கழித்து வந்ததில் அது இல்லை. கொக்கி வீசுகிறீர்கள், ஆட்கள் கத்துகிறார்கள், ஒரு சின்னக் காட்சி ஓடுகிறது, சரக்கு உங்கள் கணக்கில் ஏறிவிடுகிறது. கடலில் குதித்து நீந்தவும் முடியாது. கரையில் மரம் வெட்ட வேண்டுமா? கப்பலில் இருந்தபடியே ஒரு பொத்தானைச் சரியான நேரத்தில் அழுத்தினால் போதும். கடற்கொள்ளையன் ஆகலாம் என்று வாங்கினால் துறைமுகக் குமாஸ்தா ஆகிவிடுகிறோம்.

எனக்குள்ள ஆதங்கம் வேறு. கதை நடப்பது இந்தியப் பெருங்கடலில், 17ஆம் நூற்றாண்டின் கடைசியில். கரீபியக் கடலை நூறு கேம்களில் பார்த்தாயிற்று. நம் கடலை எத்தனை பேர் தொட்டிருக்கிறார்கள்? கெடாவுக்கும் நாகப்பட்டினத்துக்கும் கப்பல் ஓடிய கடல் அது. கையில் வந்த அந்த வாய்ப்பைச் சரக்கு ஏற்றி இறக்குவதிலேயே தீர்த்துவிட்டார்கள். கப்பல் சண்டை நன்றாக இருக்கிறது, அலைகளும் அழகு. பழைய டிஸ்க் மலிவாகக் கிடைத்தால் வாங்கி, நண்பர்களோடு சில இரவுகள் ஓட்டுங்கள்.

வின்னிங் லெவன் காலத்திலிருந்து கொனாமி காற்பந்து ஆடுகிறவன் நான். ‘இ-ஃபுட்பால்’ இலவசமாகத்தானே வந்தது, இலவசத்தை ஏன் திட்டினார்கள்? (கிள்ளான் வாசகர்)

பழைய ஆளா, வாங்க! பிளேஸ்டேஷன் 2 காலத்தில் நம் ஊரில் யார் உரிமம் பெற்ற டிஸ்க் வாங்கினார்கள்? பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் பிளாஸ்டிக் உறையில் சில ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. சிலாங்கூர், பினாங்கு ஜெர்சியை யாரோ ஒரு புண்ணியவான் சேர்த்துவைத்த பதிப்புகளும் கிடைத்தன. மொக்கை கேம் என்றால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்போம். அந்த விலைக்கு ஏமாற்றம் எங்கிருந்து வரும்?

2021 செப்டம்பர் 30இல் வந்த ‘இ-ஃபுட்பால் 2022’க்கு விலையே இல்லை, ஆனாலும் ஜனங்கள் கொதித்தார்கள். ஆடுவதற்கு ஒன்பது குழுக்கள்தான் இருந்தன. ஆட்டக்காரர்களின் கைகள் முதுகுப் பக்கம் மடங்கின. பார்வையாளர் கூட்டத்தின் முகங்களைப் பார்த்தால் இரவில் தூக்கம் வராது. மெஸ்ஸியின் முகத்தை மெஸ்ஸிக்கே அடையாளம் தெரிந்திருக்காது. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் அதுவரை வந்தவற்றிலேயே மிகத் தாழ்ந்த மதிப்பீடு என்ற பெயரை வாங்கியது. கொனாமி மன்னிப்புக் கேட்டது. நவம்பரில் வர வேண்டிய பெரிய திருத்தம் அடுத்த ஏப்ரலில்தான் வந்தது.

திட்டியவர்கள் காசுக்காகத் திட்டவில்லை. இருபது வருடப் பழக்கத்தை அரைகுறையாகச் செய்து கையில் கொடுத்தார்களே என்றுதான். அந்தக் கோபம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

மகனுக்குத் தேர்வு முடிந்ததற்குப் பரிசாக, 300 ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து ஒரு கேம் டிஸ்க் வாங்கினேன். ஒரே வாரத்தில் “போர் அடிக்குதும்மா” என்கிறான். கடையில் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார்கள். புகார் செய்யலாமா? (ஒரு தாயார், சுங்கை பட்டாணி)

அம்மா, டிஸ்க் ஓடவில்லை, கீறல் இருக்கிறது என்றால் புகார் செய்யலாம். பயனீட்டாளர் நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். ஆனால் ‘அலுப்பாக இருக்கிறது’ என்பது பொருளின் குறை ஆகாது. கடைக்காரர் சொல்வது சரிதான்.

இன்றைக்கே விற்றுவிடுங்கள். சுமாரான கேமின் பழைய விலை வாரா வாரம் இறங்கும். அடுத்த மாதம் போனால் ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக் காசுதான் மிஞ்சும். கணினியில் விளையாடுகிற பையன் என்றால் ஸ்டீமில் வாங்குவது உங்களுக்குப் பாதுகாப்பு. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணத்தைத் திருப்பித் தருவார்கள். பிளேஸ்டேஷன் இணையக் கடையிலும் 14 நாள் உண்டு, ஆனால் பதிவிறக்கத் தொடங்கிவிட்டால் அந்த உரிமை போய்விடும். மகனிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

‘ராஜி’ என்ற இந்திய கேமை என் மாணவர்களுக்குச் சிபாரிசு செய்தேன். துர்க்கையும் விஷ்ணுவும் வரும் விளையாட்டு! அதைப் போய் ‘சுமார்’ என்று எழுதுகிறார்கள். நம்மவர் படைப்பை நாமே தாழ்த்தலாமா? (ஓர் ஆசிரியை, ஈப்போ)

டீச்சர், கோவித்துக்கொள்ளாமல் கேளுங்கள். புனேயைச் சேர்ந்த ஒரு சின்னக் குழு, பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் கேட்ட பணம் சேராமல் போயும் விடாமல் உழைத்து, 2020இல் அதைக் கொண்டுவந்தது. கோட்டைச் சுவர்களின் ஓவியங்கள், நிழல்பாவையில் சொல்லப்படும் புராணக் கதைகள் இவற்றையெல்லாம் நின்று பார்க்கலாம். நம் ஊர் வயாங் கூலிட் நிழலாட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். ஆனால் சண்டை என்று வந்தால், திரிசூலத்தைச் சுற்றினாலும் வில்லை எடுத்தாலும் கையில் ஒரே மாதிரிதான் இருக்கிறது. எதிரிகள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஐந்தாறு மணி நேரத்தில், கதை சூடுபிடிக்கிற இடத்தில், பட்டென்று முடிந்துவிடுகிறது.

நம்மவர் படைப்பு என்பதற்காக இதைச் சொல்லாமல் விட்டால், அடுத்த கேமில் யார் திருத்துவார்கள்? கோலாலம்பூரின் மெட்ரோனாமிக் குழு செய்த ‘நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்’ கேமுக்கும் இதையேதான் சொல்வேன். அதே 2020இல் வந்தது. பாட்டும் கற்பனையும் பிரமாதம். கடையில் நாள் முழுக்க அந்த இசையைப் போட்டுவிட்டிருக்கிறேன். ஆனால் சண்டையின் நடுவில் கேமரா எங்கேயோ பார்க்கும், நாம் அடி வாங்குவோம். இரண்டையும் மாணவர்களுக்குத் தாராளமாகச் சிபாரிசு செய்யுங்கள், குறையையும் சேர்த்துச் சொல்லி.

‘சைபர்பங்க் 2077’ இன்று அருமையான கேம். ‘நோ மேன்ஸ் ஸ்கை’யும் அப்படித்தான். பழைய கடும் விமர்சனங்களை இப்போது மாற்றி எழுத வேண்டாமா? (கல்லூரி மாணவர், சைபர்ஜெயா)

வேண்டாம். சைபர்பங்க் வெளியான 2020 டிசம்பர் 10இல் காசு கொடுத்தவனுக்கு அன்றைய தீர்ப்புதான் பொருந்தும். வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பை மட்டும் கொடுத்தார்கள், பிளேஸ்டேஷன் 4 பதிப்பைக் காட்டவே இல்லை. காட்டாமல் விட்ட காரணம், அதாவது அந்தப் பதிப்பின் கோளாறுகள், முதல் நாளே தெரிந்துபோனது. ஒரே வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது, மறுபடி வைக்க 2021 ஜூன் ஆனது. திருந்திய கேமுக்குப் புதிய தேதி போட்டு இரண்டாவது விமர்சனம் எழுதட்டும். முதலாவது அங்கேயே இருக்கட்டும்.

கடைக்காரனாக ஒன்று சொல்கிறேன், இதைப் பலர் கவனிப்பதில்லை. 2023 செப்டம்பரில் வந்து எல்லாரும் பாராட்டிய 2.0 திருத்தம் பிளேஸ்டேஷன் 4க்கு வரவே இல்லை. ‘இப்போ நல்லாயிருக்காமே’ என்று கேட்டு அந்த டிஸ்க்கை எடுப்பவர்களிடம் முதலில் வீட்டில் என்ன கன்சோல் இருக்கிறது என்று விசாரிப்பேன். டிஸ்க் போடும் பிளேஸ்டேஷன் 5 இருந்தால், அதே டிஸ்க்கை வைத்துப் புதிய பதிப்பை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

உலகத்திலேயே மோசமான கேம் அட்டாரியின் ‘ஈ.டி.’தானா? (நிபோங் திபால் வாசகர்)

1982இல் ஒரே ஆள் ஐந்து வாரத்தில் செய்து முடித்த கேம் அது. விற்காத பெட்டிகளை நியூ மெக்சிகோவில் குப்பைமேட்டில் புதைத்தார்கள், 2014இல் தோண்டியும் எடுத்தார்கள். குழியில் விழுந்து விழுந்து எழ வேண்டிய எரிச்சலான விளையாட்டுதான். ஆனாலும் ஐந்து வாரத்தில் செய்ததையும், காட்டிய பிறகு ஏழு வருடம் இழுத்த ‘ஸ்கல் அண்ட் போன்ஸ்’ போன்றதையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் கடையில் யாருமே வாங்காத டிஸ்க் எது? (பாயான் லெப்பாஸ் வாசகர்)

‘ஆந்தம்’. பயோவேர் நிறுவனம் செய்து 2019இல் வந்தது. இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு பறப்பது சுகமோ சுகம், தரையிறங்கினால் செய்ய ஒன்றுமில்லை. இணையம் இல்லாமல் ஓடாத கேம். 2026 ஜனவரி 12இல் சர்வரையும் மூடிவிட்டார்கள், இனி அந்த டிஸ்க்கைப் போட்டும் பயனில்லை. இருந்தாலும் கொண்டுவாருங்கள், இரண்டு ரிங்கிட் தருகிறேன். டிஸ்க்குக்கு இல்லை, பெட்டிக்கு. இங்கே பெட்டி மூடி உடைந்த ‘ஃபிஃபா’ காற்பந்து டிஸ்க் நிறையக் கிடக்கிறது.