22 சதவீதம் ஊனம் என்றால் இனி பால் வெட்ட முடியாதா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 46 வயது. கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறார். ஐந்து மாதத்துக்கு முன்னால் விடியற்காலை 4 மணிக்கு வெட்டுக்குப் போகும்போது பைக்கில் ஆட்டோ இடித்து வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு, அப்புறம் ஆசானிடம் (நாட்டு எலும்பு வைத்தியர்) எண்ணெய் போட்டு உழிச்சல். இப்போது கையைத் திருப்பினால் சடக்கென்று சத்தம், மணிக்கட்டு ஓரத்தில் ஒரு முண்டு, மழை வந்தால் குடைச்சல். ராத்திரி கை மரத்துப்போய் எழுந்து உதறுகிறார், சாயா கிளாஸ் கைநழுவுகிறது. எலும்பு உள்ளுக்குள் அழுகிவிடும் என்று யூடியூபில் பார்த்துப் பயந்துபோய் இருக்கிறார். விபத்து நஷ்டஈட்டுக் கேஸுக்காக 22 சதவீதம் ஊனம் என்று ஒரு டாக்டர் எழுதித் தந்திருக்கிறார். கையை அசைத்துப் பயிற்சி செய்தால் சதவீதம் குறைந்துவிடும், கேஸ் முடியட்டும் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்கிறார். 22 போனால் மீதி 78-க்கு சோலி செய்யலாமா, இல்லை இனி கத்தியே பிடிக்க முடியாதா? இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள் டாக்டர்.

பதில்: சதவீதத்தை அப்புறம் பேசலாம் அம்மா, அது எங்கும் ஓடிப்போகாது. நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிற ஒரு வரிதான் என்னை உட்காரவிடவில்லை. ராத்திரி மரத்துப்போய் எழுந்து உதறுகிறார், கிளாஸ் நழுவுகிறது என்கிறீர்கள். இதற்கு இந்த வாரமே ஒரு எலும்பு மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு முறிவுப் பிரிவு இருக்கிறது, அங்கே போகலாம், உங்களுக்கு வசதியான வேறு இடமானாலும் சரி. ஆனால் கேஸ் முடியட்டும், மழை விடட்டும், பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மணிக்கட்டின் உள்பக்கத்தில் எலும்பும் தடித்த நாரும் சேர்ந்து ஒரு குறுகலான பாதை இருக்கிறது, விரல்களை மடக்குகிற ஒன்பது தசைநாண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு ஒரு முக்கியமான நரம்பும் அதற்குள்ளேதான் போகிறது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவற்றின் உணர்ச்சியெல்லாம் அந்த நரம்பின் பொறுப்பு, கட்டை விரலை மற்ற விரல்களுக்கு எதிராகக் கொண்டுவருகிற தசையும் அதை நம்பித்தான் வேலை செய்கிறது. முறிந்த எலும்பு கொஞ்சம் சாய்ந்து கூடினாலோ வீக்கம் உள்ளே தங்கிவிட்டாலோ அந்த நரம்பு நசுங்கும். முதலில் ராத்திரி மட்டும் மரத்துப்போகும், அப்புறம் பகலிலும், அப்புறம் சட்டைப் பொத்தான் போட வராது. இவ்வளவு வரைக்கும் திரும்பி வரலாம். கட்டை விரலின் அடியில் இருக்கிற சதை மேடு வற்றத் தொடங்கிவிட்டால் மரத்துப்போவது சரியானாலும் அந்தச் சதை பழையபடி திரும்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கத்தி பிடிக்கிற ஆளுக்கு அந்தச் சதைதான் சோறு.

இன்றைக்கு சாயங்காலமே நீங்கள் ஒன்று செய்யுங்கள். அவருடைய இரண்டு கையையும் உள்ளங்கை மேலே தெரியும்படி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள், விளக்கு வெளிச்சம் நன்றாக விழட்டும். கட்டை விரலின் அடி மேடு வலது கையில் இடது கையைவிடத் தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கட்டை விரலைக் கூரையை நோக்கி நேராகத் தூக்கச் சொல்லி நீங்கள் ஒரு விரலால் கீழே அழுத்துங்கள், வலது பக்கம் சட்டென்று விட்டுக்கொடுக்கிறதா என்று பாருங்கள். எந்தெந்த விரல் மரத்துப்போகிறது என்று தனித்தனியாகக் கேளுங்கள். சுண்டு விரல் நன்றாக இருந்து மற்றவை மரத்துப்போகிறதென்றால் நான் சந்தேகப்படுகிற நரம்புதான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மேடு தட்டையாகத் தெரிந்தால் வாரக் கணக்கு வேண்டாம், நாளைக்கே கிளம்புங்கள். தட்டையாக இல்லாவிட்டாலும் நான் சொன்ன இந்த வாரம் மாறாது.

அங்கே நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கிற ஒரு பரிசோதனை செய்வார்கள், கூடவே சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள், சர்க்கரை இருப்பவர்களுக்கு இந்த நரம்பு சுலபமாக நசுங்கும். லேசாக இருந்தால் ராத்திரி மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் ஒரு பட்டை போதும். இல்லையென்றால் அந்த நாரை வெட்டி இடம் விடுகிற ஒரு சின்ன ஆபரேஷன், பெரும்பாலும் கையை மட்டும் மரக்கச் செய்து அரை மணி நேரத்துக்குள் முடிகிற காரியம்தான். எலும்பு மிகவும் சாய்ந்து கூடியிருந்தால் அதற்கு வேறு யோசிக்க வேண்டிவரும், அதை எக்ஸ்ரே படத்தைப் பார்க்கிற டாக்டர் சொல்வார்.

நம் மாவட்டத்தில் கை கால் முறிந்தால் ஆசானிடம் போவது பரம்பரைப் பழக்கம், அதற்காக நான் உங்களைத் திட்டப்போவதில்லை. ஆனால் மரத்துப்போன விரல்களில் சூடான எண்ணெயும் கிழியும் வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். சூடு தெரியாத விரல் வெந்துபோவதும் தெரியாது, கொப்புளம் கண்டபிறகுதான் ஆட்கள் என்னிடம் வருகிறார்கள். நசுங்கிக்கொண்டிருக்கிற நரம்பின் மேல் அழுத்தி உருவுவதும் வேண்டாம். அதே மாதிரி, நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: மருந்துக் கடையில் வலி மாத்திரையும் சிவப்பு நிற நரம்பு மாத்திரையும் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்களா? ஐந்து மாதமாக வலி மாத்திரை விழுங்குகிற ஆளின் வயிறும் சிறுநீரகமும் என்ன ஆகும் என்று கடைக்காரர் பார்க்கப்போவதில்லை. சத்துக் குறைவால் வந்த மரத்துப்போதலுக்குத்தான் அந்தச் சிவப்புச் சத்து மாத்திரை, நாருக்கு அடியில் நசுங்கிய நரம்பை எந்த மாத்திரையும் வெளியே இழுத்துவிடாது. மாத்திரை கொடுத்தோமே என்ற நிம்மதியில் மாதங்கள் ஓடிவிடுவதுதான் எனக்குக் கோபம் தருகிற விஷயம்.

மற்றதெல்லாம் விடுங்கள். சடக்கென்று சத்தம் வலியில்லாமல் வந்தால் அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். சுண்டு விரல் பக்கத்து முண்டு, முறிந்த எலும்பு கொஞ்சம் குட்டையாகக் கூடியதால் பக்கத்து எலும்பின் தலை துருத்திக்கொண்டு தெரிவது, கட்டி இல்லை. மழைக்குக் குடைச்சல் முதல் வருடம் பலருக்கும் இருக்கும். எலும்பு அழுகும் கதை மணிக்கட்டில் இருக்கிற வேறொரு சின்ன எலும்பைப் பற்றியது, அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் முறிந்தால் சில சமயம் பட்டுப்போகும். மணிக்கட்டு முறிவில் வழக்கமாக முறிகிற முன்கை எலும்பின் முனைக்கு ரத்தம் தாராளமாக வருகிறது, கூடிவிட்டது என்று எக்ஸ்ரே சொன்னால் கூடிவிட்டது. வீடியோ போடுகிறவர் உங்கள் வீட்டுக்காரரின் எக்ஸ்ரேயைப் பார்க்கவில்லை.

சரி, 22 சதவீதத்துக்கு வருகிறேன்.

அந்த எண் கையை அளந்து வந்தது, சோலியை அளந்து வந்ததில்லை. மணிக்கட்டு எவ்வளவு மடங்குகிறது, பிடியின் வலு எவ்வளவு, எந்த விரலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று அரசு வகுத்திருக்கிற கணக்குப்படி கூட்டிப் போடுகிற எண் அது. அதே மணிக்கட்டு, அதே 22, ஒரு வங்கி குமாஸ்தாவிடம் இருந்தால் அவர் அடுத்த மாதமே வேலையில் உட்கார்ந்துவிடுவார். உங்கள் வீட்டுக்காரரிடம் இருந்தால் வருமானமே நின்றுபோகலாம். அதனால் 100-லிருந்து 22-ஐக் கழித்து 78-க்கு வேலை செய்யலாம் என்று கணக்குப் போடாதீர்கள், கத்தியே பிடிக்க முடியாது என்றும் முடிவு கட்டாதீர்கள், இரண்டையும் அந்தத் தாள் சொல்லவில்லை.

இது நானாகச் சொல்வதில்லை. 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையேதான் விளக்கியது. இடது கை துண்டிக்கப்பட்டால் உடல் ஊனம் 60 சதவீதமாக இருக்கலாம், ஆனால் அவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் சம்பாதிக்கும் திறன் ஏறக்குறைய முழுவதும் போய்விடும், அரசு வேலையில் குமாஸ்தாவாக இருந்தால் வேலை போகாமலேயே இருக்கலாம் என்று அந்தத் தீர்ப்பே உதாரணம் சொல்கிறது. அதற்கு வெகு முன்னால், 1975-லேயே, இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த ஒரு தச்சரின் வழக்கில் ஒற்றைக் கையால் தச்சு வேலை நடக்காது, எனவே இது முழு இழப்பு என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகவே வக்கீலிடம் சதவீதத்தைக் காட்டுவதோடு நிற்காமல், இவர் என்ன சோலி செய்தார், அதில் எந்தெந்தக் காரியம் இப்போது நடக்கவில்லை என்பதை டாக்டர் எழுதித் தரவேண்டும் என்று சொல்லுங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: 22 என்பது அந்த ஒரு கைக்கா, முழு உடம்புக்கா? இரண்டும் ஒன்றில்லை, அதே தீர்ப்பில் அதுவும் இருக்கிறது. ஐந்து மாதத்தில் நிரந்தர ஊனம் என்று எழுதுவதே என் கணக்கில் அவசரம்தான், மணிக்கட்டு முறிவில் பிடியின் வலு ஒரு வருடம் வரைக்கும் ஏறிக்கொண்டே இருக்கும், அதுவும் நரம்புக்கு இன்னும் வைத்தியமே பார்க்காத கை.

அந்தச் சொந்தக்காரர் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு மனசு பொறுக்கவில்லை. சதவீதத்தைக் காப்பாற்றக் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தால் மூட்டு இறுகும், விரல் விறைக்கும், சதை இன்னும் வற்றும். கேஸ் எப்போது முடியும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வைத்தியச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம் இதையெல்லாம் தனித்தனியாகக் கேட்க வழி இருக்கிறது, அதற்குக் கையைப் பலிகொடுக்க வேண்டியதில்லை. 46 வயது ஆள் இன்னும் பதினைந்து வருடமாவது சம்பாதிக்க வேண்டியவர். கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்று நம்பி அந்தப் பதினைந்து வருடத்தை விடாதீர்கள். பயிற்சியை நரம்பைப் பார்த்த டாக்டர் சொன்ன நாளிலேயே தொடங்குங்கள்.

இனி நீங்கள் உண்மையில் கேட்ட கேள்வி, கத்தி பிடிப்பாரா? கையைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் நரம்பைக் காலத்தில் காப்பாற்றினால் பிடிப்பார் என்றுதான் நினைக்கிறேன். அதை எப்படிச் சோதிப்பது என்பதில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். டாக்டரின் அறையில் ஒரு கருவியை மூன்று தடவை அழுத்திக் காட்டிவிட்டு, பரவாயில்லையே என்று வந்துவிடுகிறார்கள். பால்வெட்டு மூன்று தடவை அழுத்துகிற சோலி இல்லையே. விடிவதற்கு முன்னால் தலைவிளக்கு வெளிச்சத்தில், பனியில் வழுக்குகிற சரிவில், முந்நூறு மரத்துக்கு மேல் ஒன்றன்பின் ஒன்றாக, மெல்லிய சீவலாகப் பட்டையை இழுத்து வரவேண்டும், கத்தி ஒரு மயிரிழை ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம் பட்டுப் பட்டை முண்டும் முடிச்சுமாகத் திரும்ப வளரும், முதலாளி அதைத்தான் முதலில் பார்ப்பார். அந்த ஆழத்தைக் கண்ணைவிட விரல்தான் சொல்லும். அதனால் உங்கள் வீட்டுக்காரருக்கு மணிக்கட்டு எவ்வளவு மடங்குகிறது என்பதைவிட ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் எவ்வளவு உணர்கின்றன என்பதே பெரிது, நூறு மரம் தாண்டிய பிறகு பிடி எப்படி இருக்கிறது என்பது அதைவிடப் பெரிது.

இலை உதிர்ந்து வெட்டு நிறுத்துகிற காலம் வரும், அதற்காக வைத்தியத்தைத் தள்ளிப்போடாமல், அந்த ஓய்வையும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி தொடங்கும்போது முதல் இரண்டு வாரம் ஐம்பது மரம், அதுவும் வெட்டு முடிந்து கழித்துவிடப்போகிற பழைய மரங்களாக இருந்தால் நல்லது, முதலாளியிடம் அதை மட்டும் கேட்டு வாங்குங்கள். ராத்திரி மரத்துப்போவது திரும்பி வரவில்லையென்றால் நூறு, அப்புறம் நூற்றைம்பது. வலி அன்று ராத்திரியோடு அடங்கிவிட்டால் அது உழைப்பு வலி, மறுநாள் காலையிலும் வீக்கத்தோடு நின்றால் கூட்டியது அதிகம். அதற்கு முன்னால் சும்மா இருக்க முடியவில்லை, ஏதாவது செய்கிறேன் என்றால் சிரட்டையில் உறைந்து ஒட்டியிருக்கிற ஒட்டுப்பால் பறிக்கலாம், பால் வாளியை இடது கையில் பாதி பாதியாகச் சுமக்கலாம். ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர் பக்கம் மட்டும் விடாதீர்கள், உணர்ச்சி குறைந்த விரல் ரோலருக்குள் போவதை ஆள் உணர்வதற்குள் காரியம் முடிந்துவிடும். பைக்கும் இப்போதைக்கு வேண்டாம். முன் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் அந்த வலது கையில்தான் இருக்கின்றன, கிளாஸைப் பிடிக்க முடியாத கை நாலு மணி இருட்டில் இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்து நிறுத்தும் என்று நம்பி அவரை அனுப்பாதீர்கள். யாராவது பின்னால் ஏற்றிக்கொண்டு போகட்டும்.

டாக்டரிடம் போகும்போது பழைய எக்ஸ்ரே, மாவுக்கட்டு பிரித்த பிறகு எடுத்த எக்ஸ்ரே, அந்த 22 சதவீதத் தாள், இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். பால்வெட்டுக் கத்தியையும் ஒரு துணியில் நன்றாகச் சுற்றி எடுத்துப் போங்கள். அதை எப்படிப் பிடிப்பார், எப்படி இழுப்பார் என்று டாக்டர் முன்னால் அவர் செய்து காட்டட்டும், அதைப் பார்த்து அவர் எழுதித் தருவதுதான் வழக்குக்கும் உதவும், முதலாளியிடம் பேசவும் உதவும்.