மாப்பிள்ளைக்கு சுவிஸ் வாட்ச்
(கடிகாரக்காரர் பதில்கள்)

கேள்வி: ஐயா, மகளுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் எதுவும் கேட்கவில்லை. மகள்தான் அவருக்கு ஒரு சுவிஸ் ஆட்டோமேட்டிக் வாட்ச் (பேட்டரி இல்லாமல் கையசைவிலேயே ஓடுவது) போடச் சொல்கிறாள். இங்கே கடையில் நாலு லட்சம் என்கிறார்கள். துபாயில் இருக்கும் மச்சினன், 'அங்கே விலை ரொம்பக் குறைவு, நான் கையில் கட்டிக்கொண்டே வந்துவிடுகிறேன், யார் கேட்பார்கள்?' என்கிறான். இங்கே மட்டும் ஏன் இந்த விலை?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு லட்ச ரூபாய் மதிப்புள்ள வாட்ச் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிறது என்று வையுங்கள். வழக்கமான சுங்கவரி 20 சதவீதம்: 20,000. அந்த வரி மேல் 10 சதவீதம் சமூக நல கூடுதல் வரி: 2,000. இந்த 1,22,000-க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி: 21,960. ஆக 1,43,960. கடைக்காரர் லாபம், வாடகை, ஏசி கரண்ட் எல்லாம் இதற்கப்புறம்தான்; அதற்கும் ஜிஎஸ்டி உண்டு. துபாயில் சுங்கம் 5 சதவீதம், வாட் வரி 5 சதவீதம்தான். மச்சினன் சொல்வது பொய்யில்லை.

ஆனால் 'யார் கேட்பார்கள்' என்பது வேண்டாம். மதுரை பெருங்குடி ஏர்போர்ட்டில் இறங்கினதும் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி, வரம்புக்கு மேலுள்ள மதிப்புக்கு வரி கட்ட வேண்டும். கட்டினால் மிச்சமென்று பெரிதாக நிற்காது. கட்டாமல் மாட்டினால் வாட்ச் பறிமுதல், மேலே அபராதம். கல்யாண வேலையில் அந்த அலைச்சல் எதற்கு?

சுவிட்சர்லாந்து சேர்ந்த இஃப்டா என்ற நாலு நாட்டு வர்த்தகக் கூட்டமைப்போடு இந்தியா போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. சுவிஸ் வாட்சுக்கான சுங்கவரி படிப்படியாகத்தான் இறங்கும். ஜிஎஸ்டி அப்படியே நிற்கும். அதற்காகத் தை மாதத்தைத் தள்ளிப்போட முடியாது.

இன்னொன்று, 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கடைக்காரருக்கு அனுமதியில்லை. விசேஷத்துக்கு வந்த மொய்ப் பணத்தை மஞ்சப்பையில் கட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

விலையை விட எனக்குக் கவலை சர்வீஸ்தான். மேலூர்க்காரர் ஒருவர் மூணு லட்சத்து வாட்சைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்; கிணற்றில் குளித்ததில் டயலுக்குள் ஆவி கட்டியிருந்தது. நாற்பது வருடமாக ஒற்றைக்கண் லென்ஸோடு உட்கார்ந்திருக்கிற நான் மூடியைத் திறக்கவே இல்லை. திறந்து என்ன செய்ய? பெரிய சுவிஸ் கம்பெனிகள் பல எங்களைப் போன்ற வெளிக்கடைக்கு ஸ்பேர் கொடுப்பதில்லை. கம்பெனி சர்வீஸுக்கு அனுப்பச் சொன்னேன். திரும்பி வர மூணு மாசம். பில்லைப் பார்த்தவர், 'இதுக்கு ஒரு கன்னுக்குட்டி வாங்கியிருப்பேன்' என்றார். ஆட்டோமேட்டிக் என்றால் கெடாவிட்டாலும் அஞ்சாறு வருடத்துக்கு ஒருமுறை பிரித்துக் கழுவி எண்ணெய் விட வேண்டும்.

என்னைக் கேட்டால், பட்ஜெட்டைப் பாதியாக்குங்கள். அந்த விலைக்கும் சுவிஸ் ஆட்டோமேட்டிக் உண்டு. உள்ளூர் ஷோரூமில் பில், வாரண்டி அட்டையோடு வாங்குங்கள். மாப்பிள்ளை கையளவுக்குச் செயினில் கண்ணி கழற்ற வேண்டியிருந்தால் என்னிடம் வரலாம். அதற்கு ஸ்பேர் வேண்டாம்.

கேள்வி: நொடி முள் டிக் டிக்கென்று நிற்காமல் வழுக்கி ஓடினால் ஒரிஜினல்தானே?
– கல்லூரி மாணவர், கோரிப்பாளையம்

பதில்: இல்லை தம்பி. சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கிற 'ஃபர்ஸ்ட் காப்பி' என்ற போலியிலும் ஆட்டோமேட்டிக் மெஷின் போட்டு ஓடவிடுகிறார்கள். வாங்கியாச்சா?